தூங்குமூஞ்சியின் வேண்டுதல்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை வைத்தது என் கணவர். அதில் உட்கார்ந்தது நான். அவர் இருட்டு விலகும் முன்பே மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போய்விடுவார், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். நான் பி.காம். முடித்தவள், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். வீட்டில் சும்மா இருப்பதற்கு இங்கே வந்து சும்மா இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் திருப்தி, என்னைத் தவிர.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பரீட்சை ரிசல்ட் வருகிற நாளில் கடை தாங்காது. மற்ற நாட்களில் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளைக்கு ஜாதகம் அனுப்புகிறவர்கள், கரண்ட் போனால் காசைத் திருப்பிக் கேட்கிறவர்கள் என்று வந்து போவார்கள். பதினோரு மணிக்கு மேல் ஈ ஓட்ட வேண்டியதுதான். வெளியே திருப்பதி பஸ்காரர்கள் தமிழும் தெலுங்குமாகக் கூவுவார்கள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றும், ஆனால் காற்று வராது.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். வெளிநாட்டில் நர்ஸ் வேலை தேடி வந்த ஒரு பெண் எதையோ தேடப் போய் அந்தப் பக்கத்துக்குள் நுழைந்துவிட்டு, மூடாமல் எழுந்து போய்விட்டாள். திரையில் ஒரு ஹால். ஒரு சோபா. சின்னதாக ஒரு விளக்கு. சோபாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு ஒரு தடவை படம் மாறியது. மாறியும் ஒன்றும் மாறவில்லை. நான் மூடப் போனேன். அதற்குள் அவர் புரண்டு படுத்தார். அட, நிஜமாகவே ஆள் இருக்கிறது என்று கையை எடுத்துவிட்டேன்.

கனடாவில் ஏதோ ஓர் ஊர். தனியாக இருக்கிறவர். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது யாராவது பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதால் கேமராவை வைத்தேன் என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார். முதுகு வலியால் கட்டிலில் படுக்க முடியாது, அதனால் ஹாலிலேயே தூக்கம். அவ்வளவுதான் விஷயம். சமைப்பார், சாப்பிடுவார், துணி மடிப்பார், டி.வி. பார்ப்பார், தூங்குவார். இதைப் பார்க்க ஊர் உலகமெல்லாம் ஆள் இருந்தது என்பதை நான் நம்பவே இல்லை, நானும் பார்க்க ஆரம்பிக்கும்வரை.

பார்க்கிறவர்கள் பேசிக்கொள்ள ஒரு குழு இருந்தது. என்னுடைய ஆங்கிலம் பேங்க்குக்கு எழுதும் கடிதம் மாதிரி இருக்கும், ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே சட்டதிட்டங்கள் நம் ஊர் உற்சவத்தை விட அதிகம். அவர் வீடு எங்கே என்று தேடக் கூடாது. வந்துபோகிற விருந்தாளிகளைப் பற்றி எழுதக் கூடாது. முந்தைய சோபா பச்சை நிறமாம். அந்தக் காலத்திலிருந்து பார்க்கிறவர்கள் பெரியவர்கள். பழுப்பு சோபா வந்தபின் சேர்ந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இன்று அவர் சாப்பிட்டது சூப்பா, கஞ்சியா என்று இரண்டு பேர் மூன்று நாள் சண்டை போட்டுக் குழுவை விட்டே போனார்கள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு, கிண்ணத்தின் நிறத்தை வைத்து அது சூப்தான் என்று நானும் எழுதினேன்.

எனக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது. குழுவில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்காரர்கள், அந்த அம்மா தூங்கும்போது அவர்களும் தூங்குவார்கள். நமக்கு அப்போது நடுப்பகல். அதனால் தூக்கம் என் பொறுப்பு. 'புரண்டு படுத்தார்.' 'போர்வை நழுவியது.' 'எழுந்து தண்ணீர் குடித்தார்.' இப்படி நான் எழுதி வைப்பதை அவர்கள் காலையில் எழுந்து காபியோடு படிப்பார்கள். யாராவது நன்றி சொல்வார்கள். வீட்டில் நான் போட்ட காபிக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிற என் மாமியார் இரண்டாவது நாளாகத் திரையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"இன்னாம்மா, நேத்து பாத்தப்பவும் தூங்கிகினு இருந்தா, இன்னிக்கும் தூங்கிகினு கீறா?"

"அவங்க ஊர்ல இப்ப ராத்திரி அத்தை."

"தெனமுமா ராத்திரி?"

எனக்கு விளக்கத் தெம்பில்லை. "ஆங், தெனமும்தான்" என்றேன். அன்றிலிருந்து அவருக்கு அந்த அம்மா தூங்குமூஞ்சி. டிபன் கேரியரை வைக்கும்போதே, "இன்னா, தூங்குமூஞ்சி எழுந்துகினாளா?" என்று கேட்பார். "இல்ல அத்தை" என்பேன். "நல்லா வளத்தாங்க பொண்ண" என்று தலையில் அடித்துக்கொள்வார். அவரும் போகிற போக்கில் இரண்டு படம் மாறுகிறவரை நின்றுதான் போவார்.

எனக்கு ஏன் அந்தத் தூக்கம் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஆறேழு வருடம். குழந்தை இல்லை. எங்கள் பக்கத்தில் அதை நேராகக் கேட்க மாட்டார்கள். "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்பார்கள். கேட்டுக்கொண்டே கண் என் வயிற்றுக்குப் போகும். காய்கறிக்காரி கேட்பாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் கேட்பார். அரக்கோணத்தில் ரயில் மாறும்போது முன்பின் தெரியாத அம்மாள் ஒருத்தி, நான் நகர்ந்து இடம் கொடுத்த ஒரே காரணத்துக்காகக் கேட்டாள். இல்லை என்றதும் முகத்தில் ஒரு ஐயோ பாவம் வரும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. பார்வைகளுக்கு நடுவில் இருந்து களைத்துப் போயிருந்தேன். தூங்குகிற மனுஷி என்னைப் பார்க்க மாட்டார். எதுவும் கேட்க மாட்டார். உலகத்தில் அந்த ஒரு முகத்துக்கு எதிரில்தான் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

இதற்கிடையில் அத்தை என் முடியை வேண்டுதல் வைத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறியவர், மருமகளுக்கு ஒரு குழந்தை தங்கினால் அவள் தலைமுடியை முழுசாகத் தருகிறேன் என்று சாமியிடம் பேசிமுடித்துவிட்டு இறங்கி வந்தார். அன்றிலிருந்து அது என் முடி இல்லை, சாமி முடி. நுனி வெட்டக் கூடாது. கத்தரி படக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து அவரே பின்னிவிடுவார். இடுப்புக்குக் கீழே இறங்கிய அந்தப் பின்னல் வெயில் காலத்தில் கழுத்தைச் சுட்டது. தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அதைச் சுமந்தேன்.

வேண்டுதல் விஷயத்தில் அத்தையிடம் விளையாட முடியாது. மாமனார் கிணற்றில் தண்ணீர் வந்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு, தண்ணீர் வந்து, மலையேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டவர். காரியம் முடிந்த கையோடு அத்தை மகனை அழைத்துப்போய் மொட்டை போடவைத்தார். "வேண்டிகினவங்களால முடியலன்னா வூட்ல யாரனா தீத்துடணும். பாக்கி வெக்கக் கூடாது" என்பது அவர் சட்டம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அதுதான் சட்டம்.

எங்கள் ஊரில் மொட்டைத் தலை ஓர் அதிசயமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் முடியோடு போவார்கள், சந்தனம் பூசிய தலையோடு திரும்புவார்கள். ஆண், பெண், கைக்குழந்தை எல்லாரும்தான். அந்தத் தலையைப் பார்த்தால் எங்களுக்கு ஒரே அர்த்தம்: இவர் கேட்டது கிடைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலை கடையைத் திறந்து திரையைப் போட்டேன். அந்த அம்மா தூங்கப் போகிற நேரம். சில நாட்களாக அவர் வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டிருந்தார். குளிர் என்று நினைத்திருந்தோம். அடுத்த படத்தில் தொப்பி கையில் இருந்தது. தலை மழமழவென்று இருந்தது. குழுவில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பார்த்தது நான் மட்டும்தான்.

முதலில் எனக்கு வந்தது பொறாமை. ஒளிக்க ஒன்றுமில்லை. இந்தத் தூங்குமூஞ்சிகூட எதையோ கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டது, நான்தான் இங்கே பின்னலைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று வயிறு எரிந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. நல்ல மனசோடு ஒரு வார்த்தை சொல்வோம் என்று டைப் அடித்தேன். அவர் மொட்டை அடித்திருக்கிறார், வாழ்த்துகள், என்ன கேட்டீர்கள், என்ன கிடைத்தது, எங்கள் மலையில் முடி கொடுத்தவர்கள் சந்தனம் பூசுவார்கள், எரிச்சல் இருக்காது. இதுதான் சாரம். திருப்தியாகப் போய் டீ குடித்தேன்.

சாயங்காலம் அவர்களுக்கெல்லாம் விடிந்தது. நான் திறந்து பார்த்தபோது குழுவே கொதித்துக்கொண்டிருந்தது. கல்நெஞ்சக்காரி என்றார்கள். மனுஷியா நீ என்றார்கள். எதற்கு என்றே புரியாமல் கீழே கீழே படித்துக்கொண்டு போனேன். பச்சை சோபா காலத்துப் பெரியவர் ஒருவர்தான் பொறுமையாக ஒரே வரியில் எழுதியிருந்தார்: புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினால் முடி கொட்டிவிடும், அம்மா, உங்கள் ஊரில் இது தெரியாதா? தெரியும். அந்த வியாதியும் எங்கள் ஊரில் உண்டு, அந்த மருந்தும் உண்டு. மொட்டையைப் பார்த்ததும் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இனி நான் குழுவில் எழுத முடியாது என்று ஓர் அறிவிப்பும் வந்தது.

அடுத்த சில நாட்கள் படிக்க மட்டும் செய்தேன். பக்கம் பக்கமாக இரங்கல். ஆள் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதே இவர்கள் அழுது தீர்த்துவிட்டார்கள். என்னால் இதைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிச் சிலர் விலகினார்கள். ஏதோ அவர்களுக்குத்தான் மருந்து ஏற்றுகிற மாதிரி. பிறகு அந்த அம்மாவே எழுதினார். அவர் குழுவில் எழுதுவது அபூர்வம்.

எல்லாரும் அழுதுவிட்டீர்கள், நன்றி என்று ஆரம்பித்திருந்தார். ஒருவர் மட்டும் என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறார். இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்டிருக்கிறேன், பதில் வர வேண்டும். கிடைத்தால் அந்த மலைக்கு என்ன தர வேண்டும் என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். முடிதான் முன்னாலேயே போய்விட்டதே.

என் தடையை எடுத்தார்கள். நான் வெகுநேரம் யோசித்து எழுதினேன். வளர்ந்த பிறகு தாருங்கள், எங்கள் சாமிக்கு அவசரமில்லை. அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: ஒத்துக்கொண்டேன், உங்கள் மலையிடம் சொல்லிவிடுங்கள். நான் கடை வாசலுக்கு வந்தேன். பஸ்களின் தலைக்கு மேலே மலை தெரிந்தது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது, மனசுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னாலும் மனசுக்குள் சொன்னாலும் வேண்டுதல் வேண்டுதல்தான்.

அத்தையிடமும் விஷயத்தைச் சொன்னேன். "அய்யய்ய, அதான் அப்படித் தூங்குதா?" என்றார். இல்லை, அது வேறு தூக்கம் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் கேட்பது மாறவில்லை, குரல்தான் இறங்கியது. "எழுந்துகினாளா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாமல் போனார்.

முடி வளர்ந்தது. முதலில் பூஞ்சை மாதிரி ஒரு படலம். பிறகு பல் தேய்க்கும் பிரஷ் அளவுக்கு. குழுவுக்கு இப்போது இதுதான் வேலை. படத்தைப் பெரிதாக்கி வட்டம் போட்டுக் காட்டினார்கள். நரையா, பழுப்பா என்று பிரிந்து நின்று அடித்துக்கொண்டார்கள். டாக்டர் என்ன சொன்னார், எடை எவ்வளவு, ஏன் இன்று சாப்பிடவில்லை என்று கேட்டுக் குடைந்தார்கள். எல்லாம் அன்புதான். அந்த அன்பில் மூச்சு முட்டியது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கே. சில நாட்கள் அவர் கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவார். இத்தனை வருடம் கூடவே இருந்த எங்களுக்கு உரிமை இல்லையா என்று அதற்கும் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் துண்டைப் பிடித்திருந்தது. ஊர் முழுக்கப் போர்த்துகிற அளவில் அப்படி ஒன்று கிடைக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக அவர் எழுதியது சின்னக் குறிப்பு. மறுபடி மருந்து ஏற்றச் சொல்லிவிட்டார்கள், வளர்ந்த முடியும் போய்விடும். கேமராவை எடுத்துவிடுகிறேன். யார் மேலும் கோபமில்லை, களைப்பு. யாரும் பார்க்காமல் ஒரு தடவை தூங்கிப் பார்க்க வேண்டும். மலைக்கு ஒரு தலைமுடி பாக்கி நிற்கிறது, அது மட்டும் உறுத்துகிறது.

மறுநாள் காலை அவர் தூங்குகிற நேரத்துக்குத் திறந்தேன். படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. குழு சில வாரம் தாக்குப் பிடித்தது. தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். இறந்துவிட்டார் என்றார் இன்னொருவர். உனக்கு எப்படித் தெரியும் என்று சண்டை. பிறகு வேறு ஒரு நாட்டில் வேறு ஓர் இளம் ஜோடி கேமரா வைத்திருக்கிறது என்று யாரோ சொல்ல, பாதிப் பேர் அங்கே போனார்கள். பச்சை சோபாக்காரரும் போனார். மிச்சம் இருந்த இடத்தில் மருந்து விற்கிற விளம்பரங்கள் வந்து விழுந்தன. நான் மட்டும் தினம் ஒரு தடவை அந்தச் சாம்பல் கட்டத்தைத் திறந்து பார்த்து மூடினேன்.

வாசலுக்கு வந்தால் மலை. பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாக்கி நினைவுக்கு வரும். ஒத்துக்கொண்டவர் அவர், சொன்னவள் நான். அவருக்கு என்ன கிடைத்தது என்பது எனக்குத் தெரியாது. கிடைத்திருந்தால் தீர்க்க அவருக்கு வழி தெரியாது. வீட்டில் யாராவது தீர்க்க வேண்டும். அவருக்கு வீடு என்று யார் இருந்தார்கள் என்று யோசித்தால், சோபாவும் விளக்கும்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் நான்.

என்னிடம் முடி இருந்தது. ஆனால் அது இன்னொன்றுக்காகச் சொல்லப்பட்ட முடி. அதைக் கொடுத்துவிட்டால், வராத குழந்தையை இனி வரவே வேண்டாம் என்று நானே சொல்லிவிட்ட மாதிரி. அதை நினைத்துப் பல நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒருநாள், காத்திருந்து களைத்தது முடியா நானா என்று யோசித்தேன். கணவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்தார், என்னைப் பார்த்தார். "அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ" என்றார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு, வியாபாரம் இல்லாத ஒரு காலையில் கடையைப் பூட்டிவிட்டு மலைக்குப் போனேன். முடி இறக்கும் மண்டபத்தில் ஆள் குறைவு. என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்த நாவிதர், "யாருக்கு வேண்டுதலுங்க?" என்று கேட்டார். "எங்க வூட்ல ஒருத்தருக்கு" என்றேன். தண்ணீரைத் தெளித்தார். பின்னல் மடியில் விழுந்தபோது கழுத்து லேசாகி, பிடிக்க ஒன்றும் இல்லாமல் ஆடியது. வலிக்கவில்லை. அழவும் இல்லை. தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு இறங்கினேன். கீழே வரும்வரை எதிரில் ஏறிய ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்கள்.

வீட்டு வாசலில் அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். முறம் அப்படியே மடியில் இறங்கியது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் தெரிந்த அர்த்தம்தானே. எழுந்து என் பக்கத்தில் வந்து, தெருவுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் கேட்டார்.

"நாளு தள்ளிப் போச்சா?"

"இல்ல அத்தை."

அவர் கை என் தோளில் இருந்தது. எடுக்கவில்லை.

"பின்ன இன்னாத்துக்கும்மா?"

"தூங்குமூஞ்சிக்கு. அவங்க வேண்டிகினாங்க, அவங்களால முடியல. வூட்ல யாரனா தீக்கணும்னு நீங்கதான சொல்வீங்க."

"அது நம்ம வூடாம்மா?"

"தெனம் என் எதிர்லதான அத்தை தூங்கினாங்க."

திட்டுவார் என்று நின்றேன். அந்த முடிக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக எண்ணெய் தேய்த்தவர் அவர். என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மெல்ல முகத்தை விட்டுப் போயிற்று. பிறகு, டிபன் கேரியரை வைக்கும்போது கேட்பாரே, அதே மாதிரி கேட்டார்.

"எழுந்துகினாளா?"

"தெரியல அத்தை."

"வெயில்ல நிக்காத. உள்ள வா" என்றார்.